விந்துவில் ரத்தம்: எப்போது காத்திருக்கலாம், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்களைப் பார்க்கும் யூராலஜி ஓ.பி.யில் வேலை பார்ப்பதால் இந்தப் புகாரோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் எங்களிடம் வந்து சேர்வதற்குள் வரிசையைக் குழப்பிவிடுகிறார்கள். முதலில் மெடிக்கல் ஷாப் மாத்திரை, பிறகு தானாகவே எடுத்த ரத்தப் பரிசோதனை, பிறகு இரண்டு வாரத் தூக்கமின்மை, அதற்கப்புறம்தான் டாக்டர். எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் இருப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முன்னாலேயே ஒன்றை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு ரத்தம் வந்தது, என்ன நிறம் என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. ஒரு சொட்டு ரத்தமே மொத்த விந்தையும் சிவப்பாக்கிவிடும். உங்கள் வயது, கூடவே இருக்கும் வேறு தொந்தரவு, மறுபடி மறுபடி வருகிறதா என்பது, இந்த மூன்றும்தான் அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: நிறமில்லாத ஆணுறை ஒன்றிரண்டு, வெளியே தெரியும்படியான கண்ணாடி டம்ளர், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ஒரு தாள்.

1. முதலில், இன்றே போக வேண்டிய நிலையா என்று பாருங்கள்

வீட்டில் எதையும் சோதிக்கும் முன் இது முடிந்துவிட வேண்டும். கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

சிறுநீர் அடைத்துக்கொண்டு வரவில்லை, அல்லது சிறுநீரில் ரத்தம் கட்டிகட்டியாக வருகிறது. கட்டி வழியை அடைத்தால் சிறுநீர்ப்பை வீங்கிவிடும். டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். இது சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் திடீரென ஏற்பட்ட கிருமித் தொற்றாக இருக்கலாம். விட்டால் கிருமி ரத்தத்தில் பரவும்.

ஒரு பக்க விரையில் திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற முடியும். விந்துவில் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, வலிதான் கணக்கு.

உடலுறவின்போது 'டக்'கென்று ஒரு சத்தம், உடனே விறைப்பு போய் உறுப்பு வீங்கிக் கறுத்துவிட்டது. உள்ளே கிழிந்திருக்கிறது, அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஈறு, மூக்கு, மலம் என்று வேறு இடங்களிலும் ரத்தம் வருகிறது.

இரவில் இப்படி ஆனவர்கள் வெட்கப்பட்டு "காலையில பாத்துக்கலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். விரை வலியில் அந்த ஓர் இரவு போதும், விரையை இழக்க.

2. ரத்தம் உண்மையில் விந்துவில்தானா?

ரத்தம் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வந்தால் தேவையில்லாத ஸ்கேன் எல்லாம் எடுக்க நேரிடும்.

உடலுறவுக்குப் பின் பார்த்தீர்கள் என்றால், அது மனைவியின் ரத்தமாகவும் இருக்கலாம். அடுத்த முறை நிறமில்லாத ஆணுறை போட்டு, உள்ளே இருக்கும் விந்துவை வெளிச்சத்தில் பாருங்கள். விந்து வெள்ளையாக இருந்து ஆணுறையின் வெளிப்பக்கம் ரத்தம் இருந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டியவர் அவர். உடலுறவுக்குப் பின் பெண்ணுக்கு ரத்தம் கசிவது, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு கசிவது, கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். தள்ளிப்போடாமல் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தனியாக இருப்பவர்கள் சுய இன்பத்தின்போது வெள்ளைக் காகிதக் கப்பில் பார்த்தால் போதும்.

அடுத்து, தோல். முன்தோலுக்கு அடியில் மொட்டோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு கிழிந்தாலும் நன்றாகவே ரத்தம் வரும். தண்ணீர் பட்டால் சுரீரென்று எரியும். கண்ணால் பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது, சிறுநீர். டம்ளரில் பிடித்துப் பாருங்கள். விந்து வெளியேறிய உடனே வரும் சிறுநீரை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழாயில் மிச்சமிருக்கும் விந்து கலந்து வரும். சில மணி நேரம் கழித்து வருவதைப் பாருங்கள். அதுவும் சிவப்பு என்றால் கதை வேறு. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம், வலி இல்லாவிட்டாலும், எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத விஷயம்.

நிறம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாமே ஆரஞ்சாகும். விந்துவும் நிறம் மாறலாம். முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். பல நாள் விந்து வெளியேறாமல் இருந்தால் மஞ்சளாக வருவது இயல்பு.

3. கடந்த சில வாரங்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்

காரணம் பல நேரம் இங்கேயே கிடைத்துவிடும். புராஸ்டேட்டிலிருந்து ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்துகொண்டவர்களுக்கு விந்துவில் ரத்தம் வருவது எதிர்பார்த்ததுதான். சில வாரங்கள் நீடிக்கும். முதலில் சிவப்பு, பிறகு துரு நிறம், பிறகு பழுப்பு என்று மாறி நிற்கும். பயாப்ஸி முடிந்து கொடுக்கும் தாளில் இது எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்கள், சிறுநீர்க் குழாய் வழியாக டியூப் அல்லது கேமரா விட்டவர்கள், மூலத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆகியோருக்கும் கொஞ்ச நாள் வரலாம்.

அடிபட்டதா? சைக்கிள் கம்பியில் விழுந்தீர்களா? நெடுநாள் விந்து வெளியேறாமல் இருந்ததா, அல்லது சில நாட்களில் வழக்கத்தைவிட மிக அதிகமாக வெளியேறியதா? வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் பயந்துபோய் வருவது இந்த வகையில்தான். விந்தின் பெரும்பங்கு விந்துப்பைகளிலிருந்தும் (விதைப்பை அல்ல, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ளே இருக்கும் இரண்டு சிறு பைகள்), அதற்கு அடுத்தபடி புராஸ்டேட்டிலிருந்தும் வருகிறது. அங்கே உள்ள மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று உடைந்தால் போதும். விந்துப்பையில் தேங்கிய பழைய ரத்தம் பல முறை வெளியேறிய பிறகே முழுதும் போகும். எனவே அடுத்தடுத்த முறை பழுப்பாக வந்தால், புதிதாக ரத்தம் கசிகிறது என்று அர்த்தமில்லை.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "இத்தனை சொட்டு ரத்தம்தான் ஒரு சொட்டு விந்து ஆகிறது, விந்து தீர்ந்துபோய் இப்போது ரத்தமே வருகிறது" என்று நினைத்துக் குன்றிப்போய் வரும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். விந்து ரத்தத்திலிருந்து காய்ச்சி இறக்கப்படுவதில்லை, தீர்ந்துபோவதும் இல்லை. சுய இன்பம் இதற்குத் தண்டனையாக எதையும் அனுப்பவில்லை.

4. ஒரு தாளில் எழுதுங்கள்

டாக்டர் அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும். அதனால் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் பார்த்த தேதி, அதற்குப் பின் எத்தனை முறை விந்து வெளியேறியது, அதில் எத்தனை முறை ரத்தம், வெளியேறும்போது வலி உண்டா, சிறுநீரில் எரிச்சல், அடிக்கடி போதல், முக்கிப் போதல் உண்டா, புதிய துணையோடு ஆணுறை இல்லாமல் உறவு நடந்ததா, அப்பா, சித்தப்பா, அண்ணன் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா.

மாத்திரைகளில் இரண்டு வகையைக் கட்டாயம் எழுதுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுப்பவை ஒன்று. மற்றது ஃபினாஸ்டரைடு. முடி கொட்டுவதற்குச் சாப்பிடுகிறவர்கள் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அது பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் பிரச்சினையைக் கண்டறிய எடுக்கும் ரத்தப் பரிசோதனை) அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்; டாக்டருக்குத் தெரியாவிட்டால் உயர்ந்த அளவும் சரியான அளவாகத் தோன்றிவிடும்.

கடல் கடந்து ஆப்பிரிக்கா பக்கம் வேலை பார்த்தவர்கள், மலாவி ஏரி மாதிரியான நன்னீரில் இறங்கிக் குளித்திருந்தால் அதையும் எழுதுங்கள். அங்கே தண்ணீரிலிருந்து தோல் வழியாக உடம்புக்குள் போகும் ஒருவகைப் புழு, சிறுநீரிலும் விந்துவிலும் ரத்தம் வரவைக்கும். நம் ஊர் டாக்டருக்கு நீங்கள் சொன்னால்தான் அந்த நினைப்பு வரும்.

தேவைப்பட்டால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். துணியிலும் டிஷ்யூவிலும் சுற்றிக் கொண்டுவருவதால் பயனில்லை. காய்ந்ததில் எதையும் பரிசோதிக்க முடியாது.

5. காத்திருக்கலாமா?

40 வயதுக்குக் கீழே, ஒரே ஒரு முறை வந்தது, வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீர் தெளிவு, புதிய துணை யாரும் இல்லை, விரையில் கட்டி தட்டுப்படவில்லை. இப்படியென்றால் அவசரம் இல்லை. இருந்தாலும் பக்கத்து எம்.பி.பி.எஸ். டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு முறை காட்டி, பி.பி.யும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பி.பி. மிக அதிகமாக இருப்பதுகூட இதற்குக் காரணமாகலாம், அது இருப்பது பலருக்குத் தெரியாது.

கீழே உள்ளவர்கள் சில நாட்களுக்குள் யூராலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும்:

- 40 வயதைத் தாண்டியவர்கள், ஒரு முறை வந்திருந்தாலும்.
- எந்த வயதானாலும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அல்லது நின்று மறுபடி வந்தால்.
- சிறுநீரிலும் ரத்தம் இருந்தால்.
- விரையில் கட்டி, வீக்கம், கனம் தெரிந்தால்.
- காரணமில்லாமல் எடை குறைந்தால், இடுப்பு, முதுகு எலும்பில் தொடர்ந்து வலி இருந்தால்.
- நெருங்கிய ரத்த உறவில் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால்.
- ரத்தம் உறையாத நோய் அல்லது கல்லீரல் நோய் இருந்தால்.

வயதுக்கு ஏன் இந்தக் கோடு? இளைஞர்களுக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்று, அழற்சி, அல்லது எந்தக் காரணமும் அகப்படாமல் தானே நின்றுபோவது. வயது ஏற ஏறப் புராஸ்டேட் வீக்கம், அதில் உள்ள கல், நீர்க்கட்டி, அரிதாகப் புற்றுநோய் என்று பட்டியல் மாறும். புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு குறைவுதான். இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது, அவ்வளவே.

6. போகும் முன் செய்யக் கூடாதவை

நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்தப் படியில்தான்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். நாலு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தால் கல்ச்சரில் (சாம்பிளில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும். சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருந்தால் இன்னும் மோசம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் அதைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும்.

இதயத்துக்கும் பக்கவாதத்துக்கும் சாப்பிடும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விந்துவில் வரும் சில சொட்டு யாரையும் கொல்லாது. இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் அடைபட்டால் கொல்லும்.

'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' எடுத்து அதில் பி.எஸ்.ஏ. பார்த்துவிட்டுக் கலங்காதீர்கள். தொற்று இருக்கும்போது அது ஏறியே இருக்கும். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்று தானே முடிவுசெய்து, வீட்டில் எல்லாருக்கும் போன் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

"உடம்பு சூடு" என்று எண்ணெய்க் குளியலும் இளநீரும் வெந்தயமும் எடுத்தால் கெடுதல் இல்லை. அதையே சிகிச்சையாக நம்பி மூன்று மாதம் ஓட்டினால்தான் கெடுதல். இடையில் ரத்தம் தானே நின்றுவிடும். பெருமை வெந்தயத்துக்குப் போகும். 55 வயதுக்காரரின் புராஸ்டேட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

7. யாரிடம் போவது

'கிட்னி டாக்டர்' என்று கேட்டுப்போனால் நெஃப்ராலஜியில் உட்கார வைத்துவிடுவார்கள். அது சிறுநீரகம் செயலிழப்பது, டயாலிசிஸ் பார்க்கும் துறை. உங்களுக்கு வேண்டியது யூராலஜி. தனியார் கிளினிக் என்றால் பலகையில் எம்.சி.ஹெச். யூராலஜி அல்லது டி.என்.பி. யூராலஜி என்று இருக்கிறதா பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் யூராலஜி ஓ.பி. எந்தக் கிழமை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நாளும் இருக்காது.

புதிய துணை, ஆணுறை இல்லாத உறவு, உறுப்பில் புண், சீழ் என்றால் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவுக்கே நேராகப் போகலாம். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

'வாலிப வயோதிக அன்பர்களே' என்று தொடங்கும் விளம்பரங்களும், மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துப் பார்க்கும் முகாம்களும் குறிவைப்பது இந்தப் பயத்தைத்தான். சிறுநீர்ப் பரிசோதனைகூட இல்லாமல் மூன்று மாத லேகியம் எழுதும் இடத்தில் பர்சை எடுக்காதீர்கள்.

8. வாயைத் திறந்து சொல்லுங்கள்

சீட்டுப் போடும் இடத்தில் பின்னால் வரிசை நிற்கும். கூச்சத்தில் "நீர்க்கடுப்பு" என்று சொல்லிவிடுவார்கள். டாக்டரும் அதையே படித்து, சிறுநீர் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

சீட்டில் "யூராலஜி" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். உள்ளே போனதும் முதல் வாக்கியத்திலேயே: "டாக்டர், விந்துவில ரத்தம் வருது. மூணு வாரமா ரெண்டு தடவை. சிறுநீர்ல இல்ல. வலி இல்ல." வாய் வரவில்லையா? நாலாம் படியில் எழுதிய தாளை நீட்டுங்கள். அம்மாவோ மனைவியோ கூட இருந்து சங்கடமாக இருந்தால், "தனியா பேசணும்" என்று கேட்கலாம். வெளியே நிற்கச் சொல்வார்கள்.

9. பரிசோதனைகள், அவை வரும் வரிசையில்

பி.பி., வயிறு, உறுப்பு, விரை. அதற்குப் பின் கையுறையும் ஜெல்லியும் போட்டு ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அமுக்குவது போலிருக்கும், கடுமையாக வலித்தால் உடனே சொல்லுங்கள், அதுவே ஒரு தகவல். "அது வேண்டாம்" என்று எழுந்து போகிறவர்கள், கட்டி இருக்கிறதா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளும் வழியைத் தவறவிடுகிறார்கள்.

சிறுநீரில் இரண்டு விதமான சாம்பிள் உண்டு, இதைத்தான் அதிகம் மாற்றிக் கொடுக்கிறார்கள். கல்ச்சருக்கு: உறுப்பைக் கழுவி, முதலில் கொஞ்சம் வெளியே விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், முதலில் வருவதில் தோலின் கிருமி கலந்திருக்கும். பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு: ஒரு மணி நேரமாவது சிறுநீர் போகாமல் இருந்து, முதலில் வருவதையே பிடிக்க வேண்டும், கிளமிடியா, கொனோரியா கிருமிகள் குழாயில் இருப்பவை, முதல் நீரில்தான் அடித்துக்கொண்டு வரும். எதற்கான டப்பா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தும் சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் காசநோயைத் தேடுவார்கள். அதிகாலைச் சிறுநீரைக் கேட்பார்கள். இருமல் இல்லையே என்று வாதாடாதீர்கள். நுரையீரலில் நோயின் அறிகுறி இல்லாமலும் இங்கே இருக்கலாம்.

விந்து கல்ச்சர் கேட்டால், சிறுநீர் கழித்துவிட்டு, கையையும் உறுப்பையும் கழுவி, லேப் தரும் கிருமிநீக்கிய டப்பாவிலேயே நேரடியாக எடுக்க வேண்டும். ஆணுறையில் எடுத்து ஊற்றினால் செல்லாது.

ரத்தத்தில் அணுக்கள், தட்டணுக்கள், உறையும் நேரம் பார்ப்பார்கள். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு பி.எஸ்.ஏ. இதற்குத் தயாரிப்பு உண்டு: இரண்டு நாட்கள் விந்து வெளியேறக் கூடாது, நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டக் கூடாது. தொற்றோ பயாப்ஸியோ நடந்திருந்தால் ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து எடுத்தால்தான் எண் நம்பும்படியாக இருக்கும்.

வயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு போங்கள், இல்லையேல் திருப்பி அனுப்புவார்கள். விந்துப்பையும் அதன் குழாய்களும் அதில் தெளிவாகத் தெரியாது. மறுபடி மறுபடி ரத்தம் வருகிறவர்களுக்கு ஆசனவாய் வழி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எழுதுவார்கள். சிறுநீரிலும் ரத்தம் இருந்தால் கேமரா விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பார்கள். முதல் நாளே எம்.ஆர்.ஐ. கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். எளிய பரிசோதனைகளிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

10. சிகிச்சையும் வீட்டில் நடந்துகொள்வதும்

ஒன்றும் இல்லை என்று வந்தால் மருந்தும் இல்லை. "மாத்திரையே தரலையே" என்று இன்னொரு டாக்டரிடம் ஓடாதீர்கள்.

தொற்று என்றால் ஆன்டிபயாடிக். புராஸ்டேட்டில் தொற்று இருந்தால் வாரக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், ஏனென்றால் மருந்து அங்கே எளிதில் ஊறுவதில்லை. மூன்றாம் நாள் ரத்தம் நின்றது என்று விட்டால் திரும்ப வரும். பால்வினைத் தொற்று என்றால் துணைக்கும் அதே நேரத்தில் சிகிச்சை வேண்டும். இருவரும் மருந்தை முடித்து, டாக்டர் சொல்லும் வரை உறவு வேண்டாம். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்பி வாங்கிக்கொள்வீர்கள்.

பி.பி. காரணம் என்றால் பி.பி.க்கு மருந்து. குழாயை அடைக்கும் நீர்க்கட்டி, கல் என்றால் சிறுநீர்க் குழாய் வழியாகவே கேமரா விட்டுச் சரிசெய்வார்கள், வெளியே தையல் இருக்காது.

ரிப்போர்ட் வரும் வரை உறவு கூடாது என்று பொதுவான தடை இல்லை, ஆணுறையோடு இருங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் பால்வினைத் தொற்று இல்லை என்று தெரியும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

11. அதற்குப் பிறகு

ரத்தம் நின்ற பிறகும் ஒரு மாதம் அந்தத் தாளில் குறித்துவாருங்கள். பழுப்பாக ஓரிரு முறை வந்து தெளிந்தால் அது பழைய ரத்தம். முழுதும் தெளிந்த பிறகு மறுபடி சிவப்பாக வந்தாலோ, சிறுநீரில் தெரிந்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

40 தாண்டியவர்கள் முதல் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை டாக்டர் பார்ப்பது அந்த ஓர் எண்ணை மட்டுமல்ல, அது எவ்வளவு வேகத்தில் ஏறியிருக்கிறது என்பதையும்தான். முடிந்தால் அதே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும்.